மஞ்சள் வைக்காத சேலை

எங்கள் கடையில் முகூர்த்தப் பட்டு மட்டும்தான் விற்போம். அது மாமனார் காலத்து வைராக்கியம். காரைக்கால் கடைத்தெருவில் கைலி வேண்டும் என்று யாராவது எங்கள் படியேறினால் எதிர்க்கடையைக் கை காட்டுவோம். சுடிதார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் மாமனார் பதிலே சொல்லமாட்டார். மின்விசிறியைப் பார்ப்பார். கேட்டவர்கள் தாமாகப் புரிந்துகொண்டு இறங்கிப் போவார்கள்.

கல்யாண வீட்டார் வந்தால் பாய் விரித்து உட்காரவைத்து, "வாங்க வாங்க, என்ன விசேஷங்க?" என்று ஆரம்பிப்போம். சேலை முடிவானதும் நான் கல்லாவிலிருந்து எழுந்து வருவேன். குழைத்த மஞ்சளை மோதிர விரலால் தொட்டு முந்தானை ஓரத்தில் வைத்து, பையில் போட்டுக் கொடுப்பேன். என் கைராசியை நம்பி விழிதியூரிலிருந்து வந்தவர்கள்கூட உண்டு. கைராசி என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. ஆனால் வியாபாரத்தில் இருப்பவள் அதை வெளியில் சொல்லக் கூடாது.

மாமனார் போனபிறகு என் கணவர் துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தார். அவர் வந்த நேரம், வியாபாரம் தேய்ந்துகொண்டிருந்தது. கும்பகோணத்தில் எடுத்தோம், காஞ்சிபுரத்தில் எடுத்தோம் என்று சொன்னால்தான் சம்பந்தி வீட்டார் மதிக்கிறார்கள். மீதிப் பேர் போனில் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். எங்கள் கடைக்கு வந்து பாயில் உட்கார்ந்து, காபி குடித்து, எல்லாச் சேலையையும் பிரித்துப் போட்டுவிட்டு, "வீட்டுல கேட்டுட்டு வரோம்" என்று எழுந்து போகிறவர்கள்தான் அதிகமானார்கள். புதிதாக ஏதாவது சேர்த்தால்தான் கடை நிற்கும் என்று எனக்கும் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை வைக்கலாம், மாப்பிள்ளைக்கு ஷெர்வானி வைக்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் தலத்தெரு வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்.

"கல்யாணத்துக்குன்னா ஊர் ஊரா அலைவாங்க. சாவுக்கு யாரு கும்பகோணம் போவா? நம்ம கோடித்துணி வைப்போம்."

சட்னிக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கணவன் இறந்துவிட்டால், காரியத்தன்று அண்ணன் தம்பிகள் புதுச் சேலை கொண்டுவந்து அந்தப் பெண்ணுக்குப் போடவேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. கல்யாணத்துக்கு நல்ல நாள் பார்த்து வாங்குகிற கடையில் அதையும் வைத்து விற்கலாம் என்று இந்த மனுஷர் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து இவர் கொண்டுவந்தது இரண்டு பெட்டி, ஒரு போர்வை, அதோடு இந்தப் புத்தி.

"முகூர்த்தச் சேலையும் கோடியும் ஒரே கூரைக்குக் கீழயா? விளங்குமா?" என்றேன்.

"துபாயில ஒரே கடையில தொட்டிலும் விக்கிறான், சக்கர நாற்காலியும் விக்கிறான்."

"அங்க உங்க அம்மா கடைக்கு வந்து திட்டமாட்டாங்கல்ல."

அவர் இன்னொரு இட்லியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பதில் சொல்லாதபோதெல்லாம் அவர் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். முஸ்லிம் வீடுகளில் இறந்தவருக்குச் சுற்றுகிற கஃபன் துணியும் வைக்கலாமா என்று அடுத்த கடை அத்தர் வியாபாரியிடம் போய் யோசனை கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் பொறுமையாகச் சொன்னாராம், "மவுத் வீட்டுக்கு வேண்டியது எங்க ஆளுங்ககிட்டயே இருக்கு தம்பி. அதுல நீங்க கை வைக்க வேணாம். உங்க சனத்துக்கு வேண்டியத நீங்க வைங்க, உங்க இஷ்டம்." என் கணவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

கடைக்குப் பக்கவாட்டுச் சந்தில் சரக்கு இறக்கும் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து, நடுவில் பலகைத் தடுப்புப் போட்டு, சின்ன அறையாக்கினார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு விளக்கு மட்டும். விற்பனைக்கு நிற்கிற பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகவேண்டும், ஒருத்தி கர்ப்பம். அவர்களை நிற்கச் சொல்ல எனக்கு வாய் வருமா? கடைசியில் நானேதான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வாயில் ஊறிப்போனது எதுவும் அங்கே ஆகாது என்று. வருகிறவரை "வாங்க" என்று சொல்லக் கூடாது. "என்ன விசேஷம்?" கூடவே கூடாது. முதல் ஆளிடம் பழக்கதோஷத்தில் அதைக் கேட்டுவைத்தேன். அந்த மனுஷர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைக்கக் கற்றுக்கொண்டேன். அவர்களும் "போயிட்டு வரோம்" என்று சொல்லமாட்டார்கள். சேலைக்கு மஞ்சள் வைக்கமாட்டோம். கடைப் பெயர் போட்ட பையும் கிடையாது, வெறும் காக்கித்தாளில் சுற்றித்தான் கொடுப்போம்.

விற்றது. அதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. பாயில் உட்கார்ந்து அரைநாள் என் உயிரை வாங்குகிற அதே ஊர்ச்சனம், சந்துக் கதவு வழியாக வந்தால் பேரம் பேசுவதில்லை. ஒன்று எடுத்துப் போட்டால் போதும், "சரிங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெரும்பாலும் ஆண்கள். கூடப்பிறந்தவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. நீங்களே எடுத்துக் குடுங்க என்பார்கள். நான் முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்ணுக்காக நிறம் தேடிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையமாட்டேன். என் கணவரோ, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. சந்துக் கதவில் போலகத்துக்காரர் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டை தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தலையை அசைத்தேன். அவர் உட்காரவில்லை.

"தங்கச்சிக்குங்க்கா. மயில்கழுத்துக் கலர்ல நல்லதா ஒண்ணு."

நிறம் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எடுத்துப் போட்டேன். அவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஈரக்கையைத் துண்டில் துடைத்துவிட்டு, ஓரத்தைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்த்தார். இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று எனக்கே மனசு இளகியது. ரவிக்கைத் துணியும் சேர்த்துக் கட்டிவைக்கலாம் என்று, "காரியம் என்னைக்குங்க?" என்றேன்.

அவர் சேலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் இல்லீங்க."

"நாள் குறிக்கலியா?"

"மச்சான் ஆஸ்பத்திரியில இருக்காரு. பாண்டிச்சேரியில. டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாங்க."

புருஷன் உயிரோடு இருக்கையிலேயே தங்கச்சிக்குக் கோடி எடுக்க வந்திருக்கிறார். அதற்கு நான் நிறம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

"எடுத்துட்டுப் போவாதீங்க," என்றேன். "ஒரு உசுரு ஊசலாடிக்கிட்டு இருக்கையில இத வாங்கி வீட்டுல வைப்பாங்களா? உங்களுக்கே நல்லாருக்கா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க அப்பா தவறினப்ப மாமா வூட்டுலேர்ந்து அம்மாவுக்கு ஒரு கோடி வந்துச்சுங்க்கா. அவசரத்துல கெடச்சத வாங்கிட்டாங்க. தலையில தண்ணி ஊத்துனதும் சாயம் எறங்கி அம்மா ஒடம்பெல்லாம் செவப்பா ஓடுச்சு. ஊரே நின்னு பாத்துச்சு. இன்னவரைக்கும் சொல்லிக்காட்டுறாங்க. எந்தங்கச்சிக்கு அப்படி ஆவக் கூடாது. அந்த நேரத்துல நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

சொல்லிவிட்டு அழுதார். அவர் அண்ணனா, பாவியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தானோ என்னவோ. நான் சேலையை அவர் கையிலிருந்து பிடுங்கத்தான் போனேன். அதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என் கணவர் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் காக்கித்தாளில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டில் நடந்த சண்டையை எழுத முடியாது. "வந்தவரத் திருப்பி அனுப்புனா அவரு வேற கடையில வாங்குவாரு, அவ்வளவுதான்" என்றார் இவர். "வாங்கட்டும். அந்தப் பாவம் வேற கடைக்குப் போகட்டும்" என்றேன் நான். மறுநாளிலிருந்து சந்துக் கதவுப் பக்கம் நான் போகவில்லை. இவரே உட்கார்ந்தார். ஆனால் மனசு விடவில்லை. முகம் தெரியாத அந்தத் தங்கச்சியை நினைத்துக்கொண்டே இருந்தேன். காரியம் முடிந்திருக்கும், மயில்கழுத்துச் சேலையைப் போட்டிருப்பார்கள், நல்லவேளை சாயமாவது போயிருக்காது என்று நினைப்பேன். நினைத்துவிட்டு, சீ, இது என்ன ஆறுதல் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

தை பிறந்தது. அந்த மாதம்தான் எங்களுக்குக் கடை கடையாக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, பாய் நிறையக் கல்யாண வீட்டார். பெண்ணுக்கு அரக்குச் சிவப்பா, குங்குமச் சிவப்பா என்று இரண்டு அத்தைகளுக்கு நடுவே வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது முன்வாசல் வழியாக ஒரு பெண்ணும் அவள் கணவரும் படியேறி வந்தார்கள். அவர் ஒரு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். சட்டை அவருக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது. அவள் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, பாய்க்கு வந்து, பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து முகூர்த்தச் சேலைகளுக்கு நடுவே விரித்துப் போட்டாள்.

"உங்க கடையில எடுத்ததுதாங்க்கா. எங்க அண்ணன் எடுத்தாங்க. மஞ்சள் வைக்காமலே குடுத்துட்டீங்க. கொஞ்சம் வச்சுக் குடுங்க, கட்டிக்கணும்."

மயில்கழுத்துச் சேலை.

அண்ணன் போலகமா என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. சேலையைப் பார்த்தேன், அவள் கழுத்தில் கிடந்த தாலிக்கயிற்றைப் பார்த்தேன், ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்த அந்த மனுஷரைப் பார்த்தேன். கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருத்தி, "கலரு நல்லாருக்கே, எவ்வளவுல எடுத்தது?" என்று அதைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அலறவேண்டும்போல இருந்தது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போய் மேசையில் இல்லாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாலு பேருக்கு முன்னால் உண்மை வெளிவந்தால் அன்றோடு கடைக்குப் பூட்டு. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் கடை என் நினைவில் இல்லை. இந்தப் பெண் ஒன்றும் அறியாமல் இதைக் கட்டிக்கொண்டு, செத்துப் பிழைத்த புருஷனோடு தெருவில் நடப்பாளே என்பது மட்டும்தான் இருந்தது. சேலையை அவசரமாகச் சுருட்டி எடுத்தேன்.

"இதுல இழை விட்டிருக்கும்மா," என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். "இத வச்சுட்டுப் போங்க. இதவிட நல்லதா ஒண்ணு தரேன். எது வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"எங்கங்க்கா இழை விட்டிருக்கு? காட்டுங்க."

"உள்ள இருக்கு, தெரியாது."

"தெரியலைன்னா போகட்டும். எனக்கு இதான் வேணும்."

"அரக்குல பாருங்களேன், உங்க நிறத்துக்கு எடுப்பா..."

"அக்கா," என்றாள் அவள். "உள்ள கொஞ்சம் வாங்க. ரவிக்கைத் துணி பாக்கணும்."

பலகைத் தடுப்புக்குப் பின்னால் அவளை அழைத்துப் போனேன். எந்த இடத்தில் அவள் அண்ணன் நின்றாரோ, அதே இடம். அவள் சுற்றிப் பார்த்தாள். சந்துக் கதவைப் பார்த்தாள். அடுக்கியிருந்த காக்கித்தாளைப் பார்த்தாள்.

"இங்கதான் எடுத்தாங்களா?" என்றாள்.

நான் காக்கித்தாள் அடுக்கை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"எனக்குத் தெரியும்க்கா. இது கோடின்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தேன்."

அவள் சத்தமில்லாமல், வெளியே இருக்கிறவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தடுப்பைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். புருஷன் பாண்டிச்சேரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, அண்ணன் வீட்டில் போட்டுவைத்திருந்த மாற்றுத்துணியை எடுக்கப் போலகத்துக்கு வந்திருக்கிறாள். அங்கே பீரோவைத் திறந்தால் அடித்தட்டில் இந்தச் சேலை இருந்திருக்கிறது. புதுசு. காக்கித்தாள். மஞ்சள் இல்லை.

"மஞ்சள் வைக்காத சேலை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? அங்கேயே உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேனோ தெரியல. அப்பறம் மறுபடி அதே மாதிரி மடிச்சு வச்சுட்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

"அண்ணன் மேல கோவம் வரலியா?"

"வந்துச்சு. கொன்னுடலாம்னு வந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு ஆனது எனக்கும் தெரியும்லக்கா. நானும் நின்னு பாத்தவதானே. அண்ணன் வேற எதுக்கு வாங்குவாங்க? ஆனா அந்தச் சேலை அங்க இருக்கிறவரைக்கும் எனக்குத் தூக்கமில்ல. இவரு பொழைச்சு வீட்டுக்கு வந்துட்டாரு, கஞ்சி குடிக்கிறாரு, நடக்குறாரு. அது மட்டும் பீரோவுல எனக்காகக் காத்துக்கிட்டு கெடக்கு. இருமுனாருன்னா எனக்கு அதான் நெனப்பு வருது."

அதனால் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய், பீரோவில் ஒரு சேலை பார்த்தேனே, எனக்குத்தானே எடுத்தீங்க, கொடுங்க என்று கேட்டிருக்கிறாள். அண்ணனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. உளறியிருக்கிறார், வேறு வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். இவள் விடவில்லை. ஒன்றும் தெரியாதவள்போல எந்தக் கடை என்றும் கேட்டு, வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்ங்கிறது அண்ணனுக்குத் தெரிய வேணாம்க்கா. தெரிஞ்சா அவங்க உசுரோட இருக்கமாட்டாங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கட்டுன சேலையைக் கோடியாப் போடமாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். கடைக்காரியிடம் தீர்ப்புக் கேட்பதைப் போல அவள் என் வாயையே பார்த்தாள்.

"போடமாட்டாங்கம்மா. புதுசத்தான் போடணும். ஒரு தடவை உடம்புல பட்டா அது கோடி ஆகாது."

"அப்ப மஞ்சள் வைங்க. இங்கேயே கட்டிக்கிட்டுப் போறேன்."

மஞ்சள் கிண்ணத்தை எடுக்க முன்பக்கம் போனேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். "பேசாதீங்க" என்றேன். அந்த அறைக்குள் அதுவரை மஞ்சள் போனதே கிடையாது. முந்தானை ஓரத்தில் வைத்தேன். "இன்னொரு மூலையிலயும் வைங்க" என்றாள். வைத்தேன். நாலு மூலையிலும் வைக்கச் சொன்னாள். நாலிலும் வைத்தேன். விரல் முழுக்க மஞ்சளாகிவிட்டது. கட்டியிருந்த சேலையை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, மயில்கழுத்துச் சேலையைக் கொசுவம் மடித்துச் செருகினாள். வேகவேகமாகக் கட்டினாள். நன்றாக இருந்தது. அந்த நிறம் அவளுக்கு அவ்வளவு பொருந்தியிருந்தது.

வெளியே வந்ததும் அவள் கணவர் ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுச் சேலைய இங்கேயே கட்டிக்கிட்டியா? பஸ்ல போவணும். அழுக்காயிடப் போவுது."

அவள் அவர் தோளில் கை போட்டுப் படியிறக்கினாள்.

"அழுக்காவட்டுங்க," என்றாள். "தெனம் இதத்தான் கட்டப்போறேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க, கிழிஞ்சு அடுப்படித் துணியாவுற வரைக்கும் கட்டுவேன்."